அட்டையில் ஒட்டிய ஜோடி

உத்திரமேரூர்
18.11.1997

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. சுந்தர வரதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் ஷார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க அவரையே வேண்டிக்கொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, ஏரி நிரம்பிவிட்டது, உன் நைனாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

உன் கடிதமும் நீ திருப்பி அனுப்பிய போட்டோவும் வந்தன. படித்துவிட்டுச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காவாந்தண்டலம் வேதகிரியின் மகள் அம்முலுவை உனக்குக் கேட்டு, போட்டோ வாங்கி அனுப்புகிறேன் என்றேன். வெறும் போட்டோ வேண்டாம், அதையும் என் போட்டோவையும் பஜார் ஸ்டுடியோவில் கொடுத்து, வெட்டி ஒரே அட்டையில் ஒட்டி அனுப்பு, ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதினாய். புத்தி கெட்டுப்போய் நானும் செய்தேன். ஸ்டுடியோக்காரன் ஓரத்தில் ரோஜாப்பூ வேறு வரைந்து கொடுத்தான். இப்போது, பழைய காதல் படத்து ஜோடி மாதிரி ஒட்டவில்லை, பெண் அக்கா வேஷத்துக்குத்தான் சரி என்கிறாய். அவளுக்கு இருபத்தாறு. உனக்கு வரும் மாசியில் முப்பத்தாறு முடிகிறது. அட்டையில் இருப்பது நீ பாலிடெக்னிக் படித்தபோது கூலிங் கிளாஸ் போட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு எடுத்தது.

காதல் படத்தைப் பற்றி எனக்கா சொல்லித் தருகிறாய்? சாலவாக்கம் டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து நான் பார்க்காத ஜோடியா? தொப்பையைப் பெல்ட்டால் கட்டி, டோப்பா வைத்த கதாநாயகனுக்கு மகள் வயதில் ஒரு பெண். அவள் இவனைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள், இவன் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் எங்கேயோ பார்த்து உருகுவான். பாதிப் பாட்டில் இவன் மரத்துக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், இரண்டு பேரையும் ஒரே நாளில் படம் எடுத்தார்களோ இல்லையோ. அதற்கு என்ன ஜோடி என்ன ஜோடி என்று விசில் அடித்தவர்கள் வீட்டில் பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசினதில்லை, உன் நைனாவும்தான். அந்தக் கண்றாவியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை எடை போடுகிறாய்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் பெண்ணின் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். எதைக் கொடுப்பேன்? அதைத்தான் வெட்டி ஒட்டியாயிற்றே. மழையைச் சாக்குச் சொல்லி நாளைத் தள்ளினேன். கடைசியில் பால் சொசைட்டி வேலை முடிந்து அம்முலுவே வந்து நின்றாள். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியாமல் அட்டையை நீட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். “இன்னா அத்தை, பக்கத்துல ஒருத்தி கீறதே தெரியாம இவரு எங்கியோ பாத்துக்கினு கீறாரு. இவருக்கு எதுக்கு ஜோடி?” என்றாள். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, நடுவில் நேராக வெட்டி, தன் பாதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுத்தான் போனாள். இந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள்டா அவள். எனக்கு வயிறு எரிகிறது.

வெயிலில் நிற்காதே, தலைக்கு எண்ணெய் வை. என்ன இருந்தாலும் நான் பெற்ற பிள்ளை, நூறு வயது இரு. ஆனால் இன்னொரு பெண்ணின் போட்டோவை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகச் சொல்லி மட்டும் எனக்கு எழுதாதே. உன் பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன், ரோஜாப்பூவும் அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் நீயே ஒட்டிப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா ராணியம்மாள்