டைக்கோவின் நடுமலை

மத்திகிரி,
செவ்வாய்க்கிழமை

பிடிவாதக்காரிக்கு,

"என் ஆராய்ச்சின்னா உங்களுக்கு இளக்காரம். அதான் ஒரு பதிலும் போடல" என்று போனில் கத்திவிட்டு வைத்துவிட்டாய். என்னைப் பேசவே விடவில்லை.

நீ அகமதாபாத்திலிருந்து அனுப்பிய நான்கு பக்கங்களையும் மூன்று தடவை படித்தேன், தாயே! நிலாவில் டைக்கோ பள்ளம் எண்பத்தைந்து கிலோமீட்டர் அகலம். விண்கல் மோதியதில் பாறை உருகி ஓடியது. அடியாழத்துப் பாறை சில நிமிடங்களில் மேலெழும்பி, பள்ளத்தின் நடுவில் மலையாக நின்றுவிட்டது. போதுமா?

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று அதற்கும் சண்டைக்கு வராதே. இடது கையால் எழுதுகிறேன். போன மாதம் கம்பெனியில் பிரஸ் மெஷினில் வலது கை மாட்டி, இரண்டு விரல்கள் போய்விட்டன. புண் ஆறிவிட்டது. "அம்மாகிட்ட இன்னும் மறைச்சீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டேன்ப்பா" என்று உன் மகள் வேறு உயிரை வாங்குகிறாள். அதனால்தான் சொல்கிறேன்.

இருபதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் அழுதுகொண்டு ரயில் ஏறிவிடாதே. விரல் போனதைத் தாங்கிக்கொண்டேன். உன் ஆறு வருட உழைப்பு என்னால் நின்றுபோனால் தாங்க மாட்டேன். கொடுத்துவிட்டு வந்து, ஆசை தீரத் திட்டு.

உன் வீட்டுக்காரன்