நிறுத்திவைத்த திரை

தொலைவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு உங்கள் மனைவி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுக் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் பேப்பரும் பேனாவும். கவரின் மேல் உங்கள் அறையில் இருக்கும் கிரேன் ஓட்டும் அண்ணனின் பெயரைப் போட்டிருக்கிறேன். நீங்கள் கடைசி வரி வரை படிக்கும்வரை உங்கள் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. என் அம்மா என்னோடுதான் இருக்கிறாள். காலையில் தன்னை அறியாமல் மூன்று டம்ளர் டீ ஊற்றிவிடுகிறாள். ஒன்றைத் தம்பியின் ஸ்டூல் மேல் கொண்டுபோய் வைத்த பிறகுதான் நினைவு வருகிறது. திருப்பி எடுத்துக்கொண்டு போகிறாள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். பட்டறைக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. பக்கத்துத் தையல்கடை அக்கா தினமும் எட்டிப் பார்த்து, சாப்பிட்டியா என்று அதட்டிவிட்டுப் போகிறார். ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைக்கிறேன். ஒரு வாஷிங் மெஷின் போர்டு ரிப்பேருக்கு வந்தது. நானே சால்டர் வைத்து ஓட விட்டேன். ஓடியதைப் பார்த்ததும் "டேய், இங்க வாடா" என்று கூப்பிட்டுவிட்டேன். அதற்கு மேல் அன்று வேலை செய்ய முடியவில்லை.

உங்கள் ஸ்கோப்பைப் பற்றி எழுத வேண்டும். எழுதக் கையும் வரவில்லை, எழுதாமல் விடவும் முடியவில்லை. அதை நீங்கள் அனுப்பிவைத்த அன்று தம்பி குதித்த குதி உங்களுக்குத் தெரியாது. ஆசிலாஸ்கோப் என்றால் ஆள் தூக்க முடியாத பெட்டி என்று நான் நினைத்திருந்தேன். இது சாப்பாட்டு டப்பா அளவுதான். பிளக்கிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், திரையைத் தொட்டால் சொன்னபடி கேட்கும். கரண்ட் ஓடும் ஓட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும், வேண்டும் என்றால் அந்தக் கோட்டை அப்படியே நிறுத்தியும் வைக்கும். நெட் வயரை மாட்டிவிட்டால் போதும், அதே திரையை நீங்கள் அங்கே லேப்டாப்பில் பார்க்கலாம், அங்கிருந்தே எல்லாப் பொத்தானையும் அமுக்கலாம். ஓட்டவும் நிறுத்தவும் ஒரே பொத்தான், ஓடினால் பச்சை, நிறுத்தினால் சிவப்பு. ஆளே இல்லாமல் பொத்தான் நிறம் மாறியதை முதல்முறை பார்த்து நான் பயந்து அலறியதைத் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "மாமாவோட உடம்பு அங்க, கண்ணு இங்கக்கா" என்பான். அவன் ஸ்கோப்பின் தொடுமுனையை, அந்த ப்ரோபைப் பிடிக்க, நீங்கள் பார்த்துச் சொல்ல, போன் ஸ்பீக்கரில் அலற, அப்படித்தானே நம் பட்டறை ஓடியது.

அன்று நடந்ததை நீங்கள் அங்கிருந்து பார்த்தீர்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டு கேட்டேன். லிஃப்ட் மோட்டாரை ஓட்டும் அந்தப் பெரிய போர்டு. பவரை அணைத்தாலும் ஆளைக் கொல்கிற வோல்டேஜ் உள்ளே கொஞ்ச நேரம் தங்கும், கோடு பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். கோடு இறங்கியது. இறங்கிய விதத்தை நிதானமாகப் பார்க்கலாம் என்று நீங்கள் அங்கிருந்து திரையை நிறுத்தினீர்கள். அந்த நேரம் பார்த்துப் போன் கட்டாகிவிட்டது. இவன் சும்மா இருக்கிற ஆளா? இன்னொரு தடவை பவரைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தான். நீங்கள் மறுபடி லைனில் வந்தீர்கள். "மாமா, கோடு எங்க இருக்கு?" என்று கேட்டான். "கீழதான்டா இருக்கு, ஜீரோ. கழட்டு" என்றீர்கள். கை வைத்தான், போய்விட்டான்.

நீங்கள் பார்த்தது பழைய கோடு. திரை நின்றது நின்றபடியே இருந்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் வந்து, சிவப்பாக எரிந்துகொண்டிருந்த பொத்தானைக் காட்டித்தான் எனக்கு இதை விளக்கினார். தம்பி ஏன் ஒருமுறைகூடத் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். எதற்குப் பார்க்க வேண்டும், மாமா சொல்லிவிட்டாரே.

அவனை எடுத்தபோது நீங்கள் இல்லை. டிக்கெட் போட்டு அங்கே விமான நிலையம் வரை போய்விட்டு அறைக்கே திரும்பினீர்களாமே, கிரேன் அண்ணன் சொன்னார். எந்த முகத்தோடு வருவது என்று நினைத்திருப்பீர்கள். என் முகத்தைப் பற்றி நினைத்தீர்களா? பெற்றவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "மாப்பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் லீவு கிடைக்கவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். வயிறு எரிகிறது, ஆமாம். எரியாமல் என்ன செய்யும்?

பிறகு ஒரு நாள் பட்டறையைத் திறக்கிறேன், பெஞ்சின் மேல் அந்தப் பொத்தான் மாறிக்கொண்டிருக்கிறது. பச்சை, சிவப்பு. பச்சை, சிவப்பு. காலை முழுக்க. மறுநாளும் அதே. என் போனை எடுக்க நேரமில்லை, பொம்மையை வைத்து விளையாட நேரம் இருக்கிறதா என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நெட் வயரைப் பிடுங்கி மூலையில் வீசினேன். வீசிவிட்டு நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம்தான் கிரேன் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, நீ அங்க என்ன செஞ்சியோ தெரியல. ஸ்கிரீன் போயிடுச்சுன்னு சொல்லிட்டுப் படுத்தவன் எழுந்திரிக்கல. சோறு தண்ணி இல்ல. இவன் பெல்ட்டக்கூட எடுத்து என் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். நான் டியூட்டிக்குப் போகவே பயமா இருக்கு" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கதவோரம் நின்று அவ்வளவையும் கேட்டுவிட்டாள். தம்பி போன அன்றிலிருந்து உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள் அவள். மூலையில் கிடந்த வயரைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "மாட்டுடி. ஒருத்தனைக் குடுத்தாச்சு. இன்னொருத்தனையும் குடுக்க என்னால முடியாது" என்றாள். உங்களை மன்னித்துவிட்டாள் என்று தப்புக்கணக்குப் போடாதீர்கள்.

மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை, சிவப்பு ஆரம்பித்தது. திரையை நிறுத்திய அந்த ஒரு நொடியை நீங்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம், அந்தச் சனியனுக்குக் கண் இருக்கிறது, காது இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் ப்ரோபின் முனையை விரலால் பிடித்தேன். எதிலும் மாட்டாத முனையைத் தொட்டால், வீட்டுக் கரண்டின் அதிர்வு நம் உடம்பு வழியாகத் திரையில் அலையாகத் தெரியும். தம்பி எனக்கு அதை வேடிக்கை காட்டியிருக்கிறான். அலை எழுந்தது. பொத்தான் மாறுவது நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அலை முழுசாகத் திரைக்குள் அடங்குகிற மாதிரி நீங்கள் அளவை மாற்றினீர்கள். நான்தான் என்று தெரிந்துவிட்டது உங்களுக்கு. நான் அழுதேன். நீங்களும் அழுதிருப்பீர்கள்.

ஆனால் அதன் பிறகு திரையை நிறுத்திவிட்டீர்கள். இதை எழுதும்போதும் அந்த அலை அசையாமல் நிற்கிறது. நான் விரலை எடுத்து எத்தனையோ நேரமாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் இருப்பதாக நினைத்து உட்கார்ந்திருந்தால் அதைவிட முட்டாள்தனம் வேறில்லை. நான் அங்கே இல்லை. இங்கே, ஒழுகுகிற கூரைக்குக் கீழே தனியாக இருக்கிறேன். ராப்பகலாக ப்ரோபைப் பிடித்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. பிடித்துக்கொள்ளாமல் போனால் என்ன ஆவீர்களோ என்ற பயத்தில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் தேடாதீர்கள். இப்போதைக்கு என்னிடம் இல்லை, நாளைக்கு வருமா என்றும் தெரியாது. வந்தால் உங்களைத் திட்டுவேன். சட்டையைப் பிடித்து உலுக்குவேன். அம்மா முகம் கொடுத்துப் பேச மாட்டாள். இருந்தாலும் தட்டில் சோறு இருக்கும், படுக்கப் பாய் இருக்கும். சண்டை போடவாவது எனக்கு நீங்கள் வேண்டும். வேறு எதுவும் கொண்டுவர வேண்டாம், உயிரோடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கும்
உங்கள் மனைவி