கோதுமை அளந்தவரின் குறிப்பேடு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். அம்மாவின் முட்டுவலி தேவலையா?

இந்தக் கோதுமை ஊரின் சரித்திரத்தை எழுதும்படி எங்கள் பள்ளியில் கேட்டிருந்தார்கள். முன்பு இரண்டு ராஜாக்கள் இந்த ஊருக்காக வழக்காடினார்களாம். இருவரிடமும் செப்பேடு இருந்ததாம். நான் எதையும் நம்பவில்லை. நேற்று ஒரு தானியக் கிடங்கின் பரணில் தீர்ப்பின் நகலே கிடைத்துவிட்டது. வழக்கை விசாரித்த அதிகாரி செப்பேடுகளை ஒதுக்கிவிட்டு, களத்தில் கோதுமை அளந்தவர் எந்த ராஜாவுக்கு எவ்வளவு அளந்தார் என்று வருஷாவருஷம் தம் மொழியில் எழுதிய குறிப்பேட்டைக் கொண்டு தீர்மானித்திருக்கிறார். யாருக்கும் எதையும் நிரூபிப்பதற்காக எழுதாதது அது. சந்தோஷத்தில் நான் துள்ளியதில் ஏணி சரிந்து கோதுமைக் குவியலில் விழுந்தேன். கை லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கிடங்குக்காரர், "டீச்சரையும் சேர்த்து மூட்டை கட்டவா?" என்றார்.

லீவு முடிந்து நான் புறப்படும்போது, "நம்ம ஊரு தமிழ் ஊருன்னு கமிஷன்ல காட்ட என்ன உண்டு மக்கா? கோஷம் மட்டும் ஆக்கும்" என்றீர்கள். உங்கள் அலமாரியில் நம் சபைப் பதிவேடு இருக்கிறதே! ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் தொண்ணூறு வருஷமாகத் தமிழில் எழுதியது. மாநில எல்லைகளை வகுக்கும் அந்தக் கமிஷனுக்கு மனு கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. உடனே வக்கீல் சிவதாணுவிடம் காட்டுங்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

கருப்பட்டியும் நல்லமிளகும் அனுப்புங்கள். என் ஞானஸ்நானம் பதிந்த பக்கத்தையும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அது கமிஷனுக்கு அல்ல, எனக்கு.

தபால்காரர் காத்து நிற்கிறார்.

மகள்,
ஆனந்தபாய்