ஹெல்ப்பில் நான் வெட்டிய இரண்டாம் வரி

இன்று காலை ஆசிட் தொட்டிவரை ஓடினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்தாலும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் எழுதிய வால்வு புரோகிராம்தான் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இன்றும் ஓடுகிறது. ஷிப்ட் ஆட்கள் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, இரும்பின் துருவைப் போக்கும் தொட்டிக்கு ஆசிட் விடும் வால்வைத் திறக்கிறார்கள். எந்த ஆப்ஷன் என்ன செய்யும் என்று சொல்லும் ஹெல்ப் முழுவதும் உன் கைவேலை. ஆலைக்குப் போகும் ரயிலில்கூட மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஸ்பேஸ் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியையும் நேராக்குவாய். "பயந்தாங்கொள்ளி, இதெல்லாம் தானா ஃபார்மேட் ஆவும்" என்று கிண்டல் செய்வேன். "நீ சொல்லுவபா. ஆசிட்டு பக்கத்துல நிக்கிறவரு படிக்கிறது இது. நீயா போயி நிக்கப்போற?" என்பாய். பிறகு பொன்னேரி தாண்டும்வரை ஸ்பேஸ் தட்டிக்கொண்டிருப்பாய்.

நேற்று என் இஷ்டப்படி செய்துவிட்டேன். ஆப்ஷன் விளக்கங்களைத் தானாகவே எடுத்து அடுக்கும் ஒரு சின்ன புரோகிராம். ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியம் மட்டும் வரும், மிச்சத்தை வெட்டிவிடும். திரை பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

காலையில் ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். "சார், ஆசிட் ஏத்துற ஆப்ஷன்ல அந்தக்கா ரெண்டாவதா ஒண்ணு எழுதிருந்தாங்களே, தொட்டி உள்ள ஆளு கீறாங்களான்னு குரல் குடுத்துப் பாருன்னு? இப்போ காணோம். இனிமே பாக்க வாணாமா? தட்டிறவா?"

"ஐயோ, தட்டாதீங்கண்ணே! போய்ப் பாருங்க!"

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தவர் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு பேரு உள்ள கழுவிக்கினு கீறாங்க சார்."

நான் ஆபீஸிலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஏணியில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், இப்டி வேர்த்துகீது? நாஷ்டா துன்னலியா?" அங்கேயே ஆபரேட்டர் திரைமுன் உட்கார்ந்து உன் பழைய ஹெல்ப்பை அப்படியே திரும்பப் போட்டேன்.

உன் பயத்தைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்! இப்போது அது என்னிடம் இருக்கிறது, போகாது, போகவும் வேண்டாம். நாளை அந்த இருவரிடமும் நடந்ததைச் சொல்லவேண்டும். பயமாக இருக்கிறது. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.