அப்பாவுக்கு அருங்காட்சியகம்

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசிகளுடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். போன கடிதங்களில் பேருக்கு எழுதிய நலம் இல்லை, இது நிஜமான நலம்.

அமைச்சரவையை மாற்றியதைச் செய்தியில் பார்த்திருப்பாய். உன் அப்பாவிடமிருந்து மின்சாரத் துறையை எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத் துறையைக் கொடுத்துவிட்டார் முதலமைச்சர். அன்று காலையிலிருந்தே கட்சிக்காரர்கள் பூங்கொத்தும் கையுமாக நம் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனுக்கு உள்துறைதான் என்று ஆளாளுக்கு அளந்தார்கள். டிவியில் அறிவிப்பு வந்ததுதான் தாமதம், எல்லோருக்கும் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. பூங்கொத்துகளை மறக்காமல் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு அமைச்சரிடம் போனார்கள். மின்சாரம் இப்போது அவரிடம். அப்பாவின் உதவியாளர் மட்டும் துக்கம் கேட்க வந்தவர் மாதிரி நின்று, மனசைத் தளர விட்டுடாதீங்கம்மா என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

சட்டசபையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு உயிர் உயிராக இல்லை. மின்சாரத் துறையை விட்டுவிடச் சொல்லி டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! இலாகா போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நேற்று சாப்பிடும்போது கரண்ட் போனது. பழக்கதோஷம், எச்சில் கையோடு போனை எடுத்துத் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டு, என்னய்யா பண்றீங்க என்று பிடிபிடியென்று பிடித்தார். பாவம், அந்த மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மன்னிக்கணும் ஐயா, இப்ப எங்க அமைச்சர் நீங்க இல்லீங்களே என்றாராம்.

இருட்டில் போனை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரோ என்று பயந்துபோனேன். அப்ப நான் சாப்பிடலாம்ல என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பார், அப்படியொரு சிரிப்பு! மியூசியத்துல இருக்கறதெல்லாம் ஆயிரம் வருஷத்துச் சிலை, அதுக்கு இனிமே என்ன அவசரம் என்றார். இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கும் அந்த இருட்டு வசதியாக இருந்தது.

உன் கல்யாண வரவேற்பில், குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில், பாதி மாநிலம் இருண்டுவிட்டது என்று எழுந்து ஓடினாரே, அதிலிருந்து நீ அவரோடு பேசுவதில்லை. உன் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கும்தான் வயிறு எரிகிறது.

இப்போதும் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். கரண்ட் போனதென்று இனி யாரும் கூப்பிட மாட்டார்கள், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் மணியடித்தால் பாய்ந்து பெயரைப் பார்க்கிறார். பார்த்த பிறகு மெதுவாகத்தான் எடுக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு கண்ணு. இனிமேல் லைன் பிஸியாக இருக்காது.

உன் அம்மா