பிள்ளைக் கொட்டகை மேட்டில்தான்

ரிங்லெட், 12.3.1981

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? இன்று காலை முதல் வேலையாகச் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைக் கழுவினேன். நேற்று தேயிலை மேட்டில் ஒரு கூட்டம். மொழிபெயர்க்க என்னைப் பள்ளியிலிருந்து அழைத்திருந்தார்கள்.

வெளிநாட்டு உதவிச் சங்கத்து அம்மையார், தாய்மார் வேலை செய்யும்போது கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் கொட்டகையைத் தோட்ட ஆபீஸ் பக்கத்தில் கட்டித் தருவதாகச் சொன்னார். கொழுந்து பறிக்கும் தாமரை எழுந்தாள்.

"அங்க கட்டினா துரைக்குப் பார்க்க நல்லா இருக்கும்லா. பால் குடுக்க நாங்க பறந்தா வர்றது? இங்க மேட்டுல கட்டுங்க, நாங்களே நடத்துறோம்."

"டீச்சர், நன்றி சொல்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

தாமரை சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் மேட்டுக்குச் சம்மதித்தார். ஆனால் படித்த நான்தான் கொட்டகைக்குத் தலைவியாக இருக்க வேண்டுமாம். தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையை எடுத்தாள்; மற்றப் பெண்களும் கிளம்பினார்கள்.

அவர் சொன்னபடி நான் சொல்லாததால், கிராணி அதற்குப் பிறகு என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, கவலைப்படாதீர்கள்.

ரேடியோவுக்குப் பேட்டரி வாங்கி அனுப்புங்கள். வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும்.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். தலைவியாக நான் இருக்கப் போவதில்லை; அந்தப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறவள்தான் இருப்பாள். அதற்காக எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தாலும் வரட்டும். இதை இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
நளினி