தொகாரு களைத்துப்போகும் சத்தம்

என் தொகாருவுக்கு,

காலையில் உன் படத்தின் முன் சூடாகச் சோறு வைத்துவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குப் போனேன். நம் கார்ட்டூனில் இந்த வாரச் சண்டைக் காட்சி நான் வரைந்தது. இத்தனை வருஷம் நீ குரல் கொடுத்த நெருப்பு நரி தொகாரு முதன்முதலாகத் தோற்கிறது. உன் இடத்தில் வேறொருத்தியை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. உன் பழைய பதிவுகளிலிருந்தே உறுமலையும் சீறலையும் எடுத்து ஒட்டினார்கள்.

நம் தொடரில் தோற்கிற எந்த மிருகமும் சாகாது, களைத்துத்தான் போகும். உனக்குத் தெரியாததா?

"எல்லாச் சத்தமும் கெடச்சிருச்சு சார்," என்றார் ஒலி இயக்குநர் மினேகிஷி. "களைச்சுப்போற சத்தம் மட்டும் இல்ல. உங்க வீட்டம்மா ஒரு தடவகூடத் தோத்ததில்லையே!"

சிரித்தவர் சட்டென்று தலை குனிந்தார். "மன்னிச்சிருங்க. அது எப்படி இருக்கணும்னு நீங்க சொன்னா, வேற யாரையாவது வச்சு..."

"எனக்குத் தெரியாது," என்றேன். "சத்தமில்லாம விழட்டும்."

போட்டுப் பார்த்தோம். தொகாரு மெல்லச் சரிந்தது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

எனக்கு மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரியில் உன் வாயருகே காதை வைத்தபோது கேட்ட அதே சத்தம்.

உன் வீட்டுக்காரன்